பனியில் மிதிப்பவனும் பணியில் இருப்பவனே!

மார்கழி வந்தால் மாநகரத்திலே கச்சேரி. மலைவாசத் தலத்திலே உல்லாசம். மாளிகையிலே கம்பளிப் போர்வைக்குள் இன்னும் ஒரு மணி நேரம் இன்பத் துயில். கம்மாபுரம் சாலையிலே என்ன? இருட்டைக் கிழித்துக்கொண்டு 'கிறீச், கிறீச்' என்று வரும் சைக்கிளின் ஓசை!

கோழி கூவுமுன் எழுந்து, நேற்றைய சோற்றை நாலு வாய் போட்டுக்கொண்டு, காதை மூடத் துண்டைத் தலையிலே சுற்றி, ஹேண்டில்பாரிலே தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டு புறப்படுகிறான் தொழிலாளி. கம்மாபுரத்திலிருந்து ஒருவன், இருப்பிலிருந்து ஒருவன், முதனையிலிருந்து ஒருவன், ஊ.மங்கலத்திலிருந்து ஒருவன். நெய்வேலிச் சுரங்கத்திலே கான்ட்ராக்ட் கூலி செய்பவன் இருக்கிறான். விருத்தாசலத்திலே மூட்டை தூக்குபவன் இருக்கிறான். சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவன் இருக்கிறான். ஊர் விழிக்குமுன் ஊரைக் கூட்டிப் பெருக்கப் போகும் உழைப்பாளித் தாய்மாரும் இருக்கிறார்கள். முதல் பஸ் வருமுன்னே வேலை வாசலில் நிற்கவேண்டியவர்கள் இவர்கள். அதனால்தான் சைக்கிள்!

இவர்களைப் பற்றி நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. இவன் எப்போது வேலையைத் தொடங்குகிறான்? ஆலை வாசலிலே பெயர் பதிந்த பிறகா? அல்லது தன் வீட்டு வாசலிலே பெடலில் கால் வைத்த அந்த நேரத்திலேயேவா?

பெயர் பதிந்த பிறகுதான் என்பார் முதலாளி. இல்லை, பெடலில் கால் வைத்தபோதே என்கிறோம் நாம். நாம் மட்டுமா? நாட்டின் உச்சநீதிமன்றமும் இப்போது ஏறத்தாழ அப்படித்தான் சொல்லிவிட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் இந்தப் பனியைப் பார்ப்போம்.

"கடலூர் மாவட்டத்திலே குளிரா? டில்லியிலே ஐந்து டிகிரி, இங்கே இருபது டிகிரி! இதற்கொரு கட்டுரையா?" என்று கேலி பேசும் கனவான்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்வோம். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்த தமிழன், அதிலே இரண்டைப் பனிக்கே ஒதுக்கினான். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. ஆறிலே இரண்டு! பனி இந்த மண்ணுக்குப் புதிய விருந்தாளி அல்ல. அறைக்குள்ளே தொங்கும் வெப்பமானி இருபது என்று காட்டலாம். சைக்கிளை மிதிப்பவனோ தன் எதிர்க்காற்றைத் தானே உண்டாக்கிக்கொண்டு போகிறான். பனியிலே நனைந்த சட்டை, அந்தக் காற்றிலே உடம்போடு ஒட்டி உறைகிறது. விரல் மரத்துப் போகிறது. பிரேக்கை அழுத்த வேண்டிய விரல் அது!

குளிர்கூடப் பொறுக்கலாம். குளிருக்குள்ளே ஒளிந்திருக்கிறதே ஆபத்து, அதை எப்படிப் பொறுப்பது? ரிம்மிலே பனிநீர் படிந்தால் பிரேக் கட்டை பிடிப்பதில்லை, வழுக்குகிறது. பத்தடியிலே நிற்க வேண்டிய வண்டி இருபதடி ஓடுகிறது. மூடுபனி இறங்கிவிட்டால் முன்னே போகும் வண்டி தெரிவதில்லை. கரும்பு அரவைக் காலமும் இதே காலம். சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு, பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் இல்லாமல் கரும்பு டிராக்டர் நிற்கிறது. எதிரே லாரி, இரண்டு சூரியன்களை முகத்திலே வீசிக்கொண்டு வருகிறது. ஒதுங்கலாம் என்றால் தார் முடிகிற இடத்திலே சாண் ஆழத்துக்குப் பள்ளம். சாலையிலே நின்றால் லாரி, சாலையை விட்டு இறங்கினால் குழி! இதுதான் அவனுக்கு நாடு கொடுத்திருக்கும் வழி!

விளக்கு இல்லையா என்பீர்கள். டைனமோ உண்டு. ஆனால் அது டயரிலே உரசி ஓடும் கருவி. டயர் பனியிலே நனைந்தால் டைனமோவின் தலை வழுக்குகிறது, ஒளி மங்குகிறது. சுற்றினாலோ மிதி கனக்கிறது. நின்றாலோ விளக்கே அணைகிறது. எந்த இடத்திலே நிற்கிறானோ அந்த இடத்திலே அவன் பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை!

தோழர்களே, இது எந்த மண் என்பதை எண்ணிப் பாருங்கள். 1956-இலே நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962-இலே அங்கே மின்சாரம் பிறந்தது. அந்த மின்சாரம் தமிழகத்தோடு நிற்கவில்லை. கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் புதுச்சேரிக்கும் போகிறது. அதற்காக நிலம் கொடுத்த வட்டாரங்களிலே கம்மாபுரம் வட்டாரமும் ஒன்று. 2023 சூலையிலே, சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவியிலே பச்சைப் பயிரின்மீது இயந்திரம் இறங்கியதையும் நாடு பார்த்தது. நான்கு மாநிலத்துக்கு ஒளி கொடுத்த மண்ணின் மகன், தன் வழிக்கான வெளிச்சத்தைத் தன் காலாலே அரைத்துக்கொண்டு போகிறான். மின்சாரத்தின் தாய்வீட்டிலே மிதிவண்டியின் டைனமோவே கதி! விந்தை என்பதா இதனை? வேதனை என்பதா?

"சைக்கிள் காலம் போய்விட்டதே, இப்போது எல்லோரிடமும் மோட்டார் சைக்கிள்தானே?" என்று இன்னொரு குரல் கேட்கிறது. மோட்டார் சைக்கிள் பெருகியது உண்மை. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கு என்ன சொன்னது? உழவுத் தொழில் தவிர்த்த மற்ற தொழிலாளரிலே, நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் சைக்கிளிலேதான் வேலைக்குப் போனார்கள். மோட்டார் வண்டியிலே போனவர்களும் அன்று ஏறக்குறைய அதே அளவுதான். பிறகு வந்த ஆண்டுகளிலே வசதி வந்தவன் மோட்டாருக்கு மாறினான். மாற முடியாதவன் சைக்கிளிலேயே நின்றான். ஆகவே சைக்கிளிலே போகிறவன் யார் என்றால், நாட் கூலிக்காரன், முதியவன், பெட்ரோலுக்குக் கொடுத்தால் அரிசிக்கு இல்லை என்ற நிலையில் இருப்பவன். எண்ணிக்கை குறைந்திருக்கலாம், ஏழ்மை குறையவில்லை. குரல் குறைந்தவன் என்பதாலேயே அவனுக்காக நாம் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சைக்கிளை நாம் பழிக்கவில்லை. அதைப்போல் ஏழையைத் தலைநிமிர வைத்த வண்டி வேறில்லை. 1990-களின் தொடக்கத்திலே புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் பெண்கள் ஆயிரம் ஆயிரமாகக் கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்காரன் அழைத்துப் போகட்டும் என்று காத்திருந்தவள் தானே புறப்பட்டாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தரும் திட்டமும் தமிழகத்திலே வந்தது. மகள் வாங்கிய சைக்கிளிலே மாலையும் இரவும் தகப்பன் வேலைக்குப் போகும் வீடுகள் உண்டு. நல்லது. வண்டி கொடுத்தோம். வண்டி போகும் வழியைக் கொடுத்தோமா?

அந்தக் காலத்திலே சைக்கிளுக்கு வரி வாங்கித் தகர வில்லை கொடுத்தார்கள். விளக்கில்லாமல் வந்தவனைப் போலீஸ்காரர் மடக்கினார். "உன் விளக்கு எங்கே?" என்று அவனைக் கேட்டார்கள். "உன் சாலை விளக்கு எங்கே?" என்று சர்க்காரைக் கேட்க அன்று யாரும் இல்லை. இந்திய நாட்டுச் சாலைகளிலே ஆண்டுதோறும் 4,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் மாண்டுபோகிறார்கள் என்று ஒன்றிய அரசின் கணக்கே சொல்கிறது. 2022-ஆம் ஆண்டு சாலை விபத்திலே மாண்டோர் மொத்தம் 1,68,491 பேர். அந்தப் பெரிய எண்ணுக்குள்ளே சைக்கிள்காரனின் சாவு சின்ன எண்ணாகத் தெரியும். அவன் வீட்டிலே அது சின்ன எண்ணா?

இப்போது நாம் சொன்ன அந்த நீதிமன்றக் கதைக்கு வருவோம். மராட்டிய மாநிலத்திலே ஒரு சர்க்கரை ஆலை. அதிலே ஒரு காவலாளி. விடியற்காலை மூன்று மணிக்குப் பணி. 2003 ஏப்ரலிலே, அந்த இருட்டிலே மோட்டார் சைக்கிளில் பணிக்குப் புறப்பட்டவர், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னதாகவே விபத்திலே மாண்டார். குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கும்படி ஆணையர் சொன்னார். வழியிலே செத்தவன் வேலையிலே செத்தவன் அல்ல என்று உயர்நீதிமன்றம் மறுத்தது. அந்தக் குடும்பம் ஓயவில்லை. 22 ஆண்டு கழித்து, 2025 சூலை 29-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, நேரத்தாலும் இடத்தாலும் சூழலாலும் வேலையோடு தொடர்புடையதென்று நிலைநாட்டப்பட்டால், வேலையில் நேர்ந்த விபத்தே ஆகும் என்றது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இது பொருந்தும் என்றது.

இ.எஸ்.ஐ. சட்டத்திலே 2010-ஆம் ஆண்டிலேயே 51-இ என்ற பிரிவு இதற்காகச் சேர்க்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இடம்பெற்றிருக்கிறது. செர்மானியர் 1925-லேயே இதைச் சட்டமாக்கினர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1964-இலே தன் 121-ஆம் உடன்படிக்கையிலே இதைப் பேசியது. செர்மானியத் தொழிலாளிக்குக் கிடைத்தது, இந்தியத் தொழிலாளி எல்லோருக்கும் தெளிவாகக் கிடைக்க நூறாண்டு ஆயிற்று! தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது. வந்ததை வாங்கத் தெரியவேண்டாமா?

வாங்குவது எப்படி? கழகத் தோழர்கள் இதைத் தெருத் தெருவாகச் சொல்லவேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் இ.எஸ்.ஐ. பதிவிலே இருக்கிறதா என்று இன்றே பார்க்கவேண்டும். எந்த ஷிப்டு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதற்கு எழுத்து ஆதாரம் வீட்டிலும் ஒரு நகல் இருக்கவேண்டும். விபத்து நடந்தால், "வேலைக்குப் போகும் வழியில்" அல்லது "வேலை முடிந்து திரும்பும் வழியில்" என்ற சொல், போலீஸ் முதல் தகவல் அறிக்கையிலும் மருத்துவமனைச் சீட்டிலும் ஏறவேண்டும். அந்த ஒரு வரி இல்லாமற்போனால், ஒரு குடும்பத்தின் வாழ்வே இல்லாமற்போகலாம். சங்கத்திலே சொல்லுங்கள், சலூனிலே சொல்லுங்கள், டீக்கடையிலே சொல்லுங்கள்!

ஆனால் இழப்பீடு என்பது போன உயிருக்குப் பின்னால் வரும் பணம். போகாமல் காக்க வழி என்ன? நாம் வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. தார்ச்சாலையின் இருபுறமும் மண்ணைக் கெட்டித்து, பள்ளமில்லாமல் சமமாக்குங்கள். வளைவுகளிலும் கூட்டுரோடுகளிலும் ஆலை வாசல்களிலும் விளக்குப் போடுங்கள். கரும்பு டிராக்டரின் பின்புறத்திலே சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டாமல் ஆலைக்குள்ளே விடாதீர்கள். சைக்கிளிலே வரும் தொழிலாளிக்கு ஒரு பாட்டரி விளக்கு, ஒரு சிவப்புப் பிரதிபலிப்பான், ஒளிரும் மேற்சட்டை ஒன்று கொடுங்கள். தலைக்கவசமும் பூட்ஸும் சுரங்கத்துக்குள்ளே பாதுகாப்பு என்றால், சுரங்கத்துக்கு வரும் வழியிலே இவை பாதுகாப்பு. செலவு பெரிதல்ல. எண்ணம்தான் பெரிதாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மூடுபனி நாளிலே பத்து நிமிடம் பிந்தி வந்தவனின் அரைநாள் கூலியை வெட்டாதீர்கள்! அந்தப் பத்து நிமிடப் பயம்தான் அவனைக் கண் தெரியாத பனியிலே விரைந்து மிதிக்க வைக்கிறது. டில்லியிலே பனி மூடினால் விமானம் நிற்கிறது, ரயில் மணிக்கணக்கிலே தாமதிக்கிறது. பனிக்கு விமானமே பணிகிறது. கம்மாபுரத்துச் சைக்கிள் மட்டும் பணியக்கூடாதா?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பார் உண்டு. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனிலே பனி கொட்டினால், சைக்கிள் பாதைக்கு முதல் மரியாதை. மோட்டார் சாலை பிறகுதான். பெல்ஜியத்திலே 2023 மே முதல், சைக்கிளில் வேலைக்கு வரும் தனியார் துறைத் தொழிலாளிக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று முதலாளி படி கொடுக்கும் முறை வந்தது. தொடக்கத்திலே அது 27 சென்ட். அங்கே சைக்கிளில் வருபவனுக்குப் படி, இங்கே பிந்தி வந்தால் வெட்டு! அங்கும் மனிதன், இங்கும் மனிதன்; அங்கும் இரண்டு சக்கரம், இங்கும் இரண்டு சக்கரம். வேறுபாடு சக்கரத்தில் இல்லை. சட்டம் செய்பவனின் சிந்தையிலே இருக்கிறது.

சாலை மாநிலத்துடையது என்று ஒன்றிய அரசு சொல்லும். சுரங்கம் ஒன்றியத்துடையது என்று மாநிலம் சொல்லும். கான்ட்ராக்டர் இருவரையும் கைகாட்டுவார். இந்தக் கைகாட்டி மரங்களுக்கு நடுவிலே வழி தெரியாமல் நிற்பவன் தொழிலாளி. ஆட்சியிலே யார் அமர்ந்திருந்தாலும் கேட்போம். நம்மவராயினும் கேட்போம், மாற்றாராயினும் கேட்போம். ஊராட்சிக் கூட்டத்திலே தீர்மானம் போடுவோம். ஒன்றிய அலுவலகத்திலே மனுக் கொடுப்போம். ஆலை வாசலிலே சங்கத்தின் பெயரால் கேட்போம். எந்த வளைவிலே விளக்கில்லை, எந்த ஓரத்திலே பள்ளம் என்று, அந்தந்த ஊர்த் தோழர் பட்டியல் எடுத்துக்கொண்டு போகட்டும். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும்!

உழைப்பவனின் கூலி வாசலிலே தொடங்கலாம். உழைப்பவனின் உயிர் வாசலிலே தொடங்குவதில்லை. பனியிலே அவன் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும், யாரோ ஒருவரின் ஆலையை ஓட்டத்தான், யாரோ ஒருவரின் வீட்டுக்கு விளக்கேற்றத்தான். அந்த மிதிக்கு மதிப்புக் கொடு என்கிறோம். சலுகையாக அல்ல, உரிமையாக!