தம்பினில் விடுமுறை, புலாவ் செபாங்கில் வேலை

புலாவ் செபாங் ரயில் நிலையத்தின் பெயரிலேயே தம்பினும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு நெருக்கமான ஊர்கள். ஆனால் 2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, நெகிரி செம்பிலானிலுள்ள தம்பின் தமிழருக்குத் தைப்பூச விடுமுறை. மலாக்காவிலுள்ள புலாவ் செபாங் தமிழருக்கு வேலை நாள். தெற்கே கேசாங் ஆற்றைத் தாண்டி ஜொகூருக்குள் கால் வைத்தாலும் அங்கேயும் விடுமுறைதான். முருகன் எல்லைக்கல் பார்த்தா வருகிறார்?

வாழ்த்துக்கு மட்டும் குறைவே இல்லை. பதாகைகளில் முருகனின் வேலைவிடப் பெரிதாக அரசியல் தலைவர்களின் முகம்.

பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்ட தோட்டத் தொழிலாளி அன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்க வேண்டும், இல்லையேல் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை இழக்க வேண்டும். அதுவும் தீர்ந்திருந்தால் அன்றைய சம்பளம் போச்சு. அரசிதழில் வந்த பொது விடுமுறைகளில் 11 நாளைச் சம்பளத்தோடு தரச் சொல்கிறது வேலைச் சட்டம். அவற்றில் 5 கட்டாயம். மற்றவை முதலாளியின் தேர்வு. மாநில அரசிதழிலேயே தைப்பூசம் இல்லாதபோது, நிர்வாகத்திடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? பிள்ளைகளின் பாடு பள்ளியின் சிறப்பு விடுமுறையை நம்பி ஓடுகிறது.

மலாக்காவின் பெரிய திருவிழா மாசி மகம்தானே என்று சமாதானம் சொல்வோர் உண்டு. சரி, வெள்ளி ரதம் செங் சன்னாசிமலைக்குப் போகும் அந்த நாளுக்காவது விடுமுறை உண்டா?

இந்த விடுமுறை எப்போது கனியும் என்பது ஊரறிந்த ரகசியம். 2007 நவம்பரில் இந்தியர் உரிமை கேட்டு இண்ட்ராப் பேரணி. 2008 ஜனவரியில் கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் தைப்பூச விடுமுறை. மார்ச் 8-இல் பொதுத்தேர்தல். கனிந்தது நிலைக்கும் என்பதும் இல்லை: 2021-இல் கெடா மாநில அரசு தன் தைப்பூச விடுமுறையைப் பெருந்தொற்றைக் காட்டி ரத்து செய்தது.

மலாக்கா முதலமைச்சர் நாற்காலிக்கும் இந்தத் தேர்தல் கணக்கு நன்றாகவே வரும். 2013 தேர்தல் முடிந்த கையோடு ஜோங்கர் வாக் இரவுச் சந்தையை முடக்கிய நாற்காலி அது. வாக்கு விழாத கோபம் என்று ஊரே பேசியது. சில வாரங்களில் சந்தை திரும்பி வந்தது. 2018-இல் மாநில ஆட்சியைப் பிடித்தவர்களும் விடுமுறைப் பட்டியலில் தைப்பூசத்தைச் சேர்க்கவில்லை. வாழ்த்து மட்டும் சொன்னார்கள். பட்டியல் கல்வெட்டு என்றும் சொல்ல முடியாது. 1956-இல் மெர்டேக்கா தேதி அறிவிக்கப்பட்ட பிப்ரவரி 20-ஐ அண்மையில்தான் மாநில விடுமுறையாக்கினார்கள். நல்லதுதான். அதற்கு ஓடிய பேனா இதற்கு மட்டும் ஏன் மக்கர் செய்கிறது?

ஆயர் குரோவில், மாநில அரசின் ஸ்ரீ நெகிரி வளாகத்தில் அமர்ந்திருப்பவர்கள் ஏதாவது ஒரு வழி பார்க்கட்டும். அடுத்த பதாகைக்குப் படம் எடுப்பதற்கு முன்பாகப் பார்க்கட்டும்.