ஒரு வரி கொடு, ஆயா!

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை போன் போடுகிற நல்ல பிள்ளைகளிடம் மொத்தம் மூன்று கேள்விகள் உண்டு. 'சாப்ட்டியா?', 'மாத்திரை போட்டியா?', 'அங்க மழை உண்டா?' மூன்றுக்கும் 'ம்' வந்துவிட்டால் கடமை முடிந்தது. போனை வைத்துவிட்டு மேட்ச் பார்க்கப் போய்விடலாம்.

நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது ஸார். 'ஒரு பாட்டுக் கட்டேன், ஆயா!' (எங்கள் பக்கம் பாட்டி என்றால் ஆயாதான்.)

சிரிக்காதீர்கள். இது ஒரு வைத்திய முறை. இசை சிகிச்சைக்கென்று 1944-லேயே அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிடி பட்டப்படிப்பு ஆரம்பித்துவிட்டது. இங்கே பக்கத்தில், புதுச்சேரியின் ஸ்ரீ பாலாஜி வித்யாபீத்திலும் அதற்கென ஒரு மையம் உண்டு. இசை சிகிச்சை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ராகம் கேட்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆளையே பாட்டு எழுத வைப்பதும் அதில் சேர்த்தி. ஆஸ்திரேலியப் பேராசிரியை ஃபெலிசிட்டி பேக்கர் 2015-ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே போட்டிருக்கிறார்.

முறை ரொம்ப சிம்பிள். பெரியவருக்குத் தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, நடுநடுவே வார்த்தைகளைக் காலியாக விடுகிறார்கள். 'கோடிட்ட இடங்களை நிரப்புக' மாதிரி! அதில் அவர் தன் ஊரை, தன் மாட்டை, தன் சம்சாரத்தைப் போட்டு நிரப்புகிறார். பழகிவிட்டால் முழு வரி, அப்புறம் முழுப் பாட்டு. அவர் சொன்னதைத் திருத்தக் கூடாது. எழுதியதைப் பாடிக் காட்டி, 'சரிதானா?' என்று அவரிடமே ஓ.கே. வாங்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையத்தில் எண்பதைத் தாண்டிய என் உறவுக்கார ஆயா ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். "இதுக்கா காலேசு வச்சிருக்கான்?" என்றாள்.

நியாயம்தானே? நாற்று நடும்போது ஒருத்தி மெட்டெடுக்க, மற்றவள் வரி போட்டாள். தாலாட்டில் அந்தந்த வீட்டு மாமன் பெயரைச் செருகினார்கள். ஒப்பாரியில் செத்தவரின் குணத்தைச் சேர்த்தார்கள். (சந்தடி சாக்கில் நாத்தனாருக்கு இரண்டு இடி விழுவதும் உண்டு. அதுவும் சிகிச்சைதான்!) 'ஆண் பாவம்' படத்தில் வந்த கொல்லங்குடி கருப்பாயி 2025-ல், 99 வயதில் மறைந்தாரே, அவரெல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்தில் தேறியவர்தான்.

இன்றைக்கு ஆயாவிடம் மெட்டு இருக்கிறது. கூடப் பாடத்தான் ஆள் இல்லை. நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. பேரன்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது டி.வி.

நான் பி.காம். என்பதால் கணக்காகச் சொல்கிறேன். வயதானவர்களின் லெட்ஜரில் எல்லாமே வரவுதான். சாப்பாடு, மாத்திரை, பென்ஷன், அட்வைஸ். கொடுக்கிற பக்கம் காலி. நாம் நிறைய செய்கிறோம் என்றுதான் நினைக்கிறோம். வாங்கிக்கொண்டே இருக்கிறவருக்கு அது எவ்வளவு கூச்சம் என்று யோசிப்பதில்லை. 'ஒரு வரி கொடு' என்று கேட்கும்போதுதான் அவர் மறுபடி கொடுக்கிற ஆளாகிறார்.

அந்த ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எனக்கு இரண்டு வரி கொடுத்தாள்:

"மோட்டாரு வந்துச்சு, கெணறு வத்திப் போச்சு...
செல்லு வந்துச்சு, பேச்சு வத்திப் போச்சு!"

என் பையிலிருந்த செல் சரியாக அப்போதுதான் அடித்தது. எடுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. பாட்டுக் கட்டினால் மறதி நோய் குணமாகிவிடும் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பழசை நினைத்து அழுதால், 'அழாதே' என்று வாயை அடைக்காமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.

இந்த ஞாயிறு மூன்றாவது கேள்வியோடு போனை வைக்காமல் நாலாவதையும் கேட்டுப் பாருங்கள். "போடா, வேலையத்தவனே!" என்றுதான் முதலில் பதில் வரும்.

அதையே முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். மெட்டு தானாக வரும்!