தலைக்கனமும் கால்கனமும்

எழும்பூர் ஸ்டேஷனில் காசு போட்டு எடை பார்த்த ஞாபகம் உங்களுக்கு இருக்கிறதா? மேலே ஏறி நின்றால் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் மினுக்கும்; வட்டச் சக்கரம் ஒன்று சுழலும்; காசைப் போட்டதும் 'டக்'கென்று ஒரு சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். எடையைக் கணவரிடமிருந்து மறைத்துக்கொண்டு ஜோசியத்தை மட்டும் படித்துக் காட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த யந்திரத்தின் மேல் குழந்தைகள் இரண்டு மூன்று பேராக ஏறிக் குதிப்பார்கள். போர்ட்டர்கள் பெட்டியால் இடித்துக்கொண்டு போவார்கள். அது அசைந்து நான் பார்த்ததில்லை. ஏன் அசையவில்லை என்று யோசித்ததும் இல்லை. யோசிக்க வேண்டிய வேளை போன வருஷம், கடல் தாண்டி அமெரிக்காவில் வந்தது.

என் அண்ணாவின் பெண் நியூ ஜெர்ஸியில் எடிசன் என்ற ஊரில் இருக்கிறாள். அங்கே ஓக் ட்ரீ ரோடு என்று ஒரு வீதி. புடவைக் கடை, நகைக் கடை, மிட்டாய்க் கடை என்று நம் தேசத்துக் கடைகளாகவே இருக்கும். அதற்குப் பக்கத்தில் அவள் சின்னதாக ஓர் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். நூலால் புருவம் திருத்துவதுதான் முக்கியமான வேலை. மாப்பிள்ளைக்கு உத்தியோகம் போன சமயத்தில், இரண்டு ஜோடி வளையலை விற்று ஆரம்பித்த கடை அது. அதனால் அங்கே விழுகிற ஒவ்வொரு காசும் அவளுக்குப் பெரிது.

அம்மாக்கள் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது, கூட வந்த குழந்தைகள் என்ன செய்யும்? கடையை இரண்டு படுத்தும். அதற்குத்தான் பபிள்கம் யந்திரம் ஒன்று வாங்கி வைக்கலாம் என்று அவளுக்கு யோசனை தோன்றியது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஓர் இரும்புப் பெட்டி. அதன் மேல் கண்ணாடி போன்ற ஒரு குடம். குடம் நிறைய எலுமிச்சை மஞ்சள், குங்குமச் சிவப்பு, கிளிப்பச்சை என்று பபிள்கம் உருண்டைகள். ஒரு குவார்ட்டரைப் போட்டுக் கைப்பிடியைத் திருக வேண்டும். (குவார்ட்டர் என்றதும் வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். கால் டாலர் நாணயம்!) உள்ளே குழிகள் வெட்டிய ஒரு சக்கரம் திரும்பி, ஒரே ஓர் உருண்டையை ஏந்திக்கொண்டு வந்து கீழே தள்ளும். மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது. 1888-லேயே நியூயார்க்கில், தூண்களின் மேல் ஓடும் ரயிலின் பிளாட்பாரங்களில் தாமஸ் ஆடம்ஸ் என்பவரின் கம்பெனி காசு போட்டால் சூயிங்கம் தரும் யந்திரங்களை வைத்துவிட்டது. ஊதினால் குமிழி விடுகிற பபிள்கம் 1928-ல்தான் சரியாக அமைந்தது. அதைக் கண்டுபிடித்த வால்ட்டர் டீமர், பிலடெல்பியாவில் ஒரு கம் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். கணக்குப்பிள்ளைகளைச் சாமானியமாக நினைக்கக் கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் வாசகிகள் மட்டும் இந்தப் பக்கத்தை வேடிக்கையாகப் படித்துக்கொள்ளலாம். அங்கே 1992-லிருந்து சூயிங்கம் விற்கவே தடை.

யந்திரத்தைத் தேர்ந்தெடுக்க அவள் ஒரு வாரம் யோசித்தாள். சிவப்பா நீலமா, வட்டக் குடமா சதுரக் குடமா என்று ஒரே அமர்க்களம். அதை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டு தனியாக வாங்க வேண்டும் என்றபோது, "அத்தை, நீங்களே ஒன்று சொல்லுங்கள்" என்று என்னிடம் விட்டுவிட்டாள்.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று வார்ப்பு இரும்பு அடித்தட்டு, எழுபது டாலர், அசைக்கவே முடியவில்லை. இன்னொன்று மெல்லிய தகட்டு வட்டத்தின் மேல் பளபளவென்று ஒரு குழாய், இருபத்தைந்து டாலர், ஒரு கையால் தூக்கலாம். ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, உங்களுக்கும் தெரியும். டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்ப்பது. பெருக்கினேன். நெஞ்சு படபடத்தது. "நிற்கிறதற்கு ஒரு கால்தானே வேண்டும்? லேசாக இருந்தால் பெருக்கித் துடைக்கவும் சௌகரியம்" என்று தீர்ப்புச் சொல்லி, இருபத்தைந்து டாலரை நானே கொடுத்தேன். பெருமையாகவும் இருந்தது.

இரண்டாவது வாரம், சனிக்கிழமை. நல்ல கூட்டம். அன்று காலைதான் ஒரு பெட்டி உருண்டை முழுவதையும் குடத்தில் கொட்டி நிரப்பியிருந்தோம். என் அண்ணா பெண் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓர் அம்மாளுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் பையனுக்கு நாலு வயது. காசு போட்டான், வெள்ளை வந்தது. அவனுக்கு வேண்டியது சிவப்பு. சிவப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க எக்கி, குடத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு தொங்கினான்.

யந்திரம் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வது போல நிதானமாகத் தலை குனிந்தது. நான் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கக்கூட எனக்கு அவகாசம் இல்லை. வரிசையில் காத்திருந்த ஒரு குஜராத்தி அம்மாள்தான் சட்டென்று காலை நீட்டினார். யந்திரம் அவர் முழங்காலில் மோதி, பையனுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. மூடி பிளந்துகொண்டது. அறை முழுவதும் வர்ண மழை! குழந்தைகளெல்லாம் கைகொட்டிச் சிரித்தன. பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

பையனுக்குக் கட்டைவிரலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். குஜராத்தி அம்மாளின் முழங்கால் ஆரஞ்சுப் பழமாக வீங்கிவிட்டது. பையனின் தாயார் பாதித் திருத்திய புருவத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஒரு புருவம் வில், மறு புருவம் காடு. மற்ற நாளாயிருந்தால் நினைத்து நினைத்துச் சிரித்திருப்பேன்.

இரவு வெகு நேரம் வரை நாற்காலிகளுக்கு அடியிலிருந்து உருண்டைகளைப் பொறுக்கினோம். அத்தனையும் குப்பைக்கு. என் அண்ணா பெண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் மாப்பிள்ளை ஒரு தபால் உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் இஞ்சினீயர். கேளுங்கள்: ஒரு பெட்டியில் 850 உருண்டைகள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலக் குறுக்களவு. லேசுதானே என்று தோன்றும். எல்லாம் சேர்ந்தால் ஏழு கிலோவை ஒட்டி வருகிறது! யந்திரத்தின் சொந்த எடை ஐந்து கிலோ. ஆகப் பன்னிரண்டு கிலோ, மூன்றரை அடி உயரத்தில் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாங்கிய என் ஸ்டாண்டு, குழாயும் தட்டும் சேர்ந்தே ஐந்து கிலோதான். தட்டின் அகலம் பத்து அங்குலம். உச்சியைப் பிடித்து எட்டு அங்குலம் இழுத்தால் போதும், கவிழ்ந்துவிடும். நாலு வயதுக் குழந்தை தொங்கினால் எட்டு அங்குலம் எந்த மூலைக்கு?

"அதே யந்திரத்தைப் பன்னிரண்டு கிலோ அடித்தட்டின் மேல், தட்டு பதினாறு அங்குல அகலமாக இருக்கும்படி வைத்தால், ஏறக்குறைய ஒன்றரை அடி இழுக்க வேண்டும், அத்தை" என்றார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது பூஜை அறைக் குத்துவிளக்குதான். அடிப்பாகம் எவ்வளவு அகலம், எவ்வளவு கனம்! புடவைத் தலைப்புப் பட்டால் கவிழக் கூடாது என்று நாச்சியார்கோவில் கன்னாருக்குத் தெரிந்திருக்கிறது. தினம் விளக்கேற்றுகிற எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் அந்த உறையில் இருந்தது. உருண்டைகள் விற்க விற்க யந்திரத்தின் தலைக்கனம் குறைகிறது, ஸ்திரம் கூடுகிறது. புதிதாக நிரப்பிய அன்றுதான் ஆபத்து அதிகம். எங்களுக்கு நேர்ந்ததும் நிரப்பிய அன்றுதான்! இப்போது அவள் பாதிக் குடத்துக்கு மேல் நிரப்புவதில்லை. வெயில் பட்டு வர்ணம் வெளுப்பதும் இதனால் மிச்சம்.

ஆகவே, அமெரிக்காவில் உள்ள உங்கள் பெண்ணோ நாட்டுப்பெண்ணோ கடையில் வைக்க ஸ்டாண்டு வாங்கப் போனால், முதலில் அடித்தட்டை மட்டும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க முடியாமல் முகம் சுளித்தால் நல்ல ஸ்டாண்டு. மூன்று நான்கு கால்கள் உள்ளவையும் இருக்கின்றன. பார்க்க நாட்டிய மங்கை போல அழகு. ஆனால் கால்கள் நன்றாக வெளியே அகன்றிருக்க வேண்டும், மூட்டுத் திருகுகள் கழலாமல் இருக்க வேண்டும். சக்கரம் வைத்தது வீட்டு வேலைக்காரிகளுக்கு சௌகரியமே தவிர, குழந்தைகள் அதைத் தேர் இழுத்துவிடும். பூட்டு இல்லாத சக்கரம் வேண்டவே வேண்டாம். இரண்டு, நான்கு யந்திரங்களைச் சேர்த்து நிறுத்தும் பெரிய சட்டங்கள் உறுதியானவை. சின்னக் கடைக்கு அவ்வளவு இடம் ஏது?

யந்திரத்தின் அடியில் உள்ள துளைகளும் ஸ்டாண்டின் மேல்தட்டில் உள்ள துளைகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எல்லாம் ஒரே அளவு அல்ல. வாங்கி வந்த பிறகு தெரிந்தால், கயிற்றால் கட்டலாமா என்று தோன்றும். கட்டாதீர்கள். போல்ட் போட்டு முடுக்கியதுதான் நிற்கும். மாதம் ஒரு முறை அதை முடுக்கிப் பார்க்கவும் வேண்டும், கைப்பிடியைத் திருகித் திருகி அது தளர்ந்துவிடுகிறது.

உயரம் விஷயத்தில் எங்களுக்குள் சண்டையே வந்தது. குட்டிக் குழந்தைகளுக்கு எட்டாதபடி உயரமாக வைக்கலாம் என்றேன் நான். அந்த நாட்டு விதிப்படி, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் எட்டுமாறு, கையால் இயக்கும் பாகம் தரையிலிருந்து 15 அங்குலத்துக்குக் குறையாமலும் 48 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டுமாம். உயரம் ஏற ஏறக் கவிழும் பயமும் ஏறும். முடிவில் கைப்பிடி 30 அங்குலத்தில் அமைந்தது. குட்டிகளைத் தடுக்க வேண்டியது உயரம் அல்ல, பெரியவர்கள்தான். நாலு வயது ஆகாத குழந்தைக்குச் சூயிங்கம் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வேர்க்கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் இவற்றோடு சூயிங்கத்தையும் சேர்த்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2010-ல் எச்சரித்திருக்கிறது. அதை ஓர் அட்டையில் எழுதிக் குடத்தின் மேலேயே ஒட்டிவிட்டோம்.

புது ஸ்டாண்டு எங்கே வாங்கினோம் என்கிறீர்களா? வாங்கவில்லை! அங்கே சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்கள். கராஜ் சேல் என்று பெயர். அதில் ஒரு பழைய வார்ப்பு இரும்பு ஸ்டாண்டு கிடைத்தது. பன்னிரண்டு டாலர். நான் துள்ளிக் குதித்தேன். மாப்பிள்ளை, "பெயிண்ட் பழசாக இருக்கிறதே, அத்தை" என்றார். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் கலப்பதை 1978-ல்தான் தடுத்தார்கள். அதற்கு முந்திய பெயிண்ட் உரிந்து குழந்தையின் கையில் பட்டு, கை வாய்க்குப் போனால் விஷம். சுரண்டினால் தூளாகப் பறந்து இன்னும் கெடுதல். ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் குச்சியை ஹார்ட்வேர் கடையில் வாங்கித் தேய்த்துப் பார்த்தோம். சிவந்துவிட்டது. பன்னிரண்டு டாலர் போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

மறு வாரம் எழுபது டாலர் ஸ்டாண்டையே வாங்கினோம். இந்தத் தடவை பெருக்கவில்லை. இரண்டு ஆள் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. சுவரோரமாக நிறுத்தி, பின்புறம் ஒரு கொக்கி போட்டுச் சுவரோடும் பிணைத்தாயிற்று. கட்டடச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான். குஜராத்தி அம்மாளின் வைத்தியச் செலவைக் கொடுக்கப் போனபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். இப்போது அவருக்குப் புருவத்துக்குக் காசில்லை.

பாதிப் புருவத்தோடு போனவர் ஆறு வாரம் வரவில்லை. நான் ஊருக்குத் திரும்ப நாலு நாள் இருந்தபோது வந்தார். பையனும் வந்தான். அவன் காசு போட்டதும், என் கால்கள் தாமாகவே எழுந்து யந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றன. பச்சை வந்தது. அவன் குடத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். ஸ்டாண்டு அசையவில்லை. அவன் என்னைப் பார்த்தான்; நான் ஒரு குவார்ட்டரை எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் பச்சை. நாலாவது குவார்ட்டரில்தான் சிவப்பு வந்தது.

என் இருபத்தைந்து டாலர் ஸ்டாண்டு இப்போது அவள் சமையலறையில் இருக்கிறது. மேலே ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. வருகிறவர்களிடமெல்லாம், "இது அத்தை வாங்கிக் கொடுத்தது" என்று சொல்கிறாளாம்.