விசிறித் துவிச்சக்கரவண்டி

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எமது இல்லத்தில் ஒரு சிறு கலகம் நிகழ்ந்தது. மின்சாரம் நின்றுபோன வேளை. மாணவரின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த நாம், நெற்றி வியர்வை தாளில் வீழ்ந்து மையைக் கரைக்கத் தொடங்கவே, சுவரில் மாட்டியிருந்த பனையோலை விசிறியைத் தேடினோம். ஆணி இருந்தது, விசிறி இல்லை. அதே நேரத்தில் அடுக்களையிலிருந்து எமது அன்னையாரின் குரலும் எழுந்தது. அவருடைய சுளகைக் காணவில்லையாம். அரிசி புடைக்க வைத்திருந்த சுளகு தானாக நடந்து போகுமோ என்பது அவருடைய கேள்வி.

முற்றத்துக்குச் சென்று பார்த்தோம். ஐந்து வயது இன்னும் நிரம்பாத எமது கடைக்குட்டி, முன்னே விசிறியும் பின்னே சுளகுமாகக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, வாயினாலே மணியடித்தபடி மாமரத்தை வலம் வந்துகொண்டிருந்தான். பின்சக்கரம் முன்சக்கரத்திலும் பெரிதாய் இருந்தமையால் வண்டி சற்றே சாய்ந்து ஓடிற்று. அவன் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

உண்மையில் குற்றவாளி நாமே. முந்திய இரவு, நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற சித்திரப் புத்தகமொன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தோம். சீன ஓவியர் பெங் சிகாய் வரைந்த படங்கள் அவை. அவற்றுள் ஒன்றிலே ஒரு சிறுவன் இரண்டு ஓலை விசிறிகளைச் சக்கரங்களாக்கித் துவிச்சக்கரவண்டி ஓட்டுகிறான். தூரிகையால் இழுத்த சில கோடுகளே, வேறொன்றும் இல்லை. எமது மகன் அப்படத்தை நெடுநேரம் பார்த்திருந்தான். நாம் அவன் கலையை இரசிக்கிறான் என்று எண்ணி உள்ளம் பூரித்தோம். அவனோ வீட்டில் எத்தனை விசிறி உண்டு என்று கணக்குப் பார்த்திருக்கிறான்!

சீனம் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீனியும் சீனவெடியும் தெரியும். சற்று வளர்ந்தவர்களுக்குப் பெருஞ்சுவர் தெரியும். அந்நாட்டில் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளோடு எப்படி இருந்தான், அவர்கள் எதற்கு அழுதார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. அதனாலேயே இந்த மனிதரைப் பற்றி இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

பெங் சிகாய் 1898 ஆம் ஆண்டிலே, செஜியாங் மாகாணத்திலுள்ள சிமென்வான் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய குடும்பத்துக்கு ஒரு சாயக்கடை இருந்தது. ஹாங்சௌ நகரத்து ஆசிரிய கலாசாலையிலே லீ சூதொங் என்பாரிடம் ஓவியமும் இசையும் பயின்றார். அந்தக் குரு 1918 இல் உலகியலைத் துறந்து, ஹொங்யி என்னும் பெயர் தாங்கிப் பௌத்த துறவியானார். சீடரோ துறவு பூணவில்லை, பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தார். எம்மைப் போன்றே பள்ளிக்கூடத்தில் சித்திரமும் சங்கீதமும் கற்பித்துச் சம்பளம் வாங்கி, அது போதாமல் எழுத்தாலும் தூரிகையாலும் ஈடுகட்டினார். அவருடைய முதற் படத்தொகுதி 1925 இல் வெளிவந்தது.

அவர் படங்களுக்குப் பொருள் தேடி எங்கும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தது. விசிறி வண்டி ஓட்டியவன் அவருடைய மகன் சான்சான். மூத்த மகள் ஆபாவோ ஓர் இரவு தன் காற்சப்பாத்துகளையும் தங்கையின் புதுச் சப்பாத்துகளையும் எடுத்து ஒரு முக்காலியின்… அன்று, நாற்கால் ஆசனத்தின் கால்களுக்கு மாட்டிவிட்டு, தான் வெறும் காலுறையோடு தரையில் நின்று, தனக்குக் கால் இரண்டு, ஆசனத்துக்குக் கால் நான்கு என்று பெருமையோடு கூவினாளாம். தாய் என்ன செய்தாள்? உலகத்துத் தாய்மார் எல்லாரும் செய்வதையே செய்தாள். காலுறை அழுக்காகிறதென்று சத்தமிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டுபோய் இருத்திவிட்டு, ஆசனத்தின் சப்பாத்துகளைக் கழற்றினாள். பார்த்துக்கொண்டிருந்த தகப்பன், ஒரு கலைஞனின் படைப்பு அழிக்கப்பட்டதற்கு வருந்தினார். இதை வாசித்தபோது எம் இல்லாள், "சப்பாத்தைத் துடைத்தது யார் என்று எழுதியிருக்கிறாரா?" என்று கேட்டாள். எழுதவில்லை.

இவருடைய கட்டுரைகளுள் எம்மை உறங்கவிடாது செய்தது வேறொன்று.

1927 ஆம் ஆண்டின் முற்பகுதி. சங்காய் நகரைப் பிடிக்கத் தேசியப் படைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. நகரின் புறத்தே வசித்த பெங் சிகாய், துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சிக் குடும்பத்தோடு புறப்பட்டு, ஆற்றங்கரையிலுள்ள ஒரு கல்லூரியிலே சில நாட்கள் தங்கித் திரும்பினார். பின்னொரு நாள் மாலை, நான்கு வயது மகனை மடியில் இருத்தி, உனக்கு மிக விருப்பமானது எது என்று விளையாட்டாகக் கேட்டார். பையன் சற்றும் தயங்காமல், அகதியாய் ஓடுவதே தனக்கு மிக விருப்பம் என்றான். தகப்பன் திகைத்தார். அப்படியென்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா என்று வினவ, அப்பா, அம்மா, அக்கா எல்லாரும் ஒன்றாக மோட்டார் வண்டியிலேறிப் போய்ப் பெரிய கப்பல்களைப் பார்ப்பது என்று விளக்கம் தந்தான் பிள்ளை.

அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு நாம் வெளியே வந்து விறாந்தையில் இருந்தோம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி மாலை. வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்ட கதையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. இதைப் படிப்போர் பலர் அந்த வீதியில் நின்றவர்கள். எமக்கு அப்போது வயது 15, தம்பிக்கு ஆறு. தந்தையார் துவிச்சக்கரவண்டியை உருட்டினார். அதன் கரியரில் அரிசிப் பையும் அம்மாவின் தையல் இயந்திரத்தின் தலையும் கட்டப்பட்டிருந்தன. மழை தூறிற்று. நாவற்குழிப் பாலத்தை அடைவதற்குமுன் சனம் அசையாது நின்றுவிட்டது. அடி எடுத்து வைக்கப் பத்து நிமிடம், மறு அடிக்கு இருபது நிமிடம். பக்கத்தில் ஒரு மூதாட்டி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தம்பி எண்ணிக்கொண்டிருந்தான். முதலிற் குடைகளை எண்ணினான். பின்பு உழவு இயந்திரங்கள். பின்பு ஆடுகள். ஒருவர் கோழியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போக, அது கழுத்தை நீட்டிப் பார்த்ததும் அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எம்மாற் பொறுக்க முடியவில்லை. முதுகில் அறைந்தோம். அவன் அழவில்லை, எம்மைத் திரும்பிப் பார்த்தான். பெற்றோர் அதைக் கவனித்தாரல்லர். அதற்குப் பின்னர் அவன் ஒன்றையும் எண்ணவில்லை.

இது நடந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. வகுப்பறையில் ஒரு பிள்ளை தகாத நேரத்திலே சிரிக்கும்போதெல்லாம் எமது வலக்கை ஒரு கணம் எமக்கு அந்நியமாகிவிடும். இதை எவரிடமும் சொன்னதில்லை. ஒரு சீனத் தகப்பனிடம் ஒரு சீனப் பிள்ளை சொன்ன மறுமொழி இதை வெளியே இழுத்துவிட்டது.

பெங் சிகாயின் கதைக்குத் திரும்புவோம். மகனின் ஆசை பின்னாளில் கொடிய விதமாக நிறைவேறிற்று. அவர் 1933 இல் பிறந்த ஊரிலே ஒரு வீடு கட்டினார். அதற்கு வைத்த பெயர் முன்பே கிடைத்தது. 1926 இல் குருவின் சொற்படி, சில எழுத்துகளைத் தனித்தனித் தாளில் எழுதிச் சுருட்டி, புத்தர் திருவுருவின் முன் வைத்து, நம் கோயில்களிலே திருவுளச்சீட்டு எடுப்பதுபோல் இரண்டு எடுத்தார். இரண்டு முறையும் ஒரே எழுத்தே வந்தது. 'யுவான்', வினைவழி வந்த தொடர்பு என்பது அதன் பொருள். அதனால் வீடு 'யுவான்யுவான் மண்டபம்' ஆயிற்று. நான்கு ஆண்டுகளே அதில் வாழக் கிடைத்தது. 1937 நவம்பரில் யப்பானிய விமானங்கள் அச்சிற்றூரின்மீது குண்டு வீசின. மனைவி மக்களோடு புறப்பட்டவர் ஜியாங்சி, ஹூனான், குவாங்சி, குவெய்சௌ என்று மாகாணம் மாகாணமாக அலைந்து, ஈற்றில் சொங்சிங் நகரை அடைந்தார். இடைவழியில், 1938 இல் குயிலின் நகரிலே இன்னுமொரு மகன் பிறந்தான். வீடு எரிந்துபோன செய்தி வழியிலேயே அவரை எட்டியது. முன்னர்க் கப்பல் பார்க்க ஆசைப்பட்ட சான்சான் அப்போது பதின்மூன்று வயதுப் பிள்ளை. அவன் இம்முறை என்ன சொன்னான் என்பதை நாம் அறியோம்.

சைவ நேயர்களுக்கு ஒரு செய்தி. இவ்வோவியர் கொல்லாமையை வற்புறுத்தும் படங்களைத் தம் வாழ்நாள் முழுதும் வரைந்தார். குருவின் ஐம்பதாம் பிராயத்துக்கு ஐம்பது படம்; அறுபதுக்கு அறுபது; இவ்வாறு நூறு வரை. குரு 1942 இல் சமாதியடைந்த பின்னரும் வாக்குத் தவறவில்லை. ஆறு தொகுதிகளிலும் சேர்த்து 450 படங்கள். ஆறாவது தொகுதியை முடித்தது 1973 இல். அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதை நினைத்தாற்றான் அதன் அருமை விளங்கும்.

1966 இற் கலாசாரப் புரட்சி தொடங்கிற்று. பழைய வழக்கங்கள் யாவும் ஒழிக்கப்படவேண்டும் என்ற முழக்கம் எழுந்தது. 1967 இலே சீனப் புத்தாண்டுக்கு விடுமுறையே கிடையாதென்று அரசு அறிவித்தது. 1980 இற்றான் அது மீண்டது. முதியவரான பெங் சிகாய் கூட்டங்களில் நிறுத்தி இகழப்பட்டார். 1969 இல், எழுபது கடந்த வயதில், வயல்வேலைக்கு அனுப்பப்பட்டார். நுரையீரல் நோய் கண்டதால் வீடு திரும்ப முடிந்தது. நோய் அவருக்குச் செய்த உபகாரம் அது! அதன்பின், வீட்டார் உறங்கும் விடியற்காலத்திலே எழுந்து, ஒருவரும் கேளாத, ஒருவரும் அச்சிடத் துணியாத சிறு கட்டுரைகளை எழுதத் தொடங்கினார். தம் குழந்தைப் பருவத்து ஊரையும் அதன் பண்டிகைகளையும் பற்றியவை அவை.

ஏப்ரல் மாதத் தொடக்கத்திலே வரும் சிங்மிங் நாளில் சீனர் முன்னோரின் கல்லறைகளுக்குச் சென்று துப்புரவு செய்து வழிபடுவர். துக்கத்துக்குரிய நாள்தான். ஆனால் சிறுவரான தமக்கு அதைவிடச் சிறந்த உல்லாசம் ஆண்டில் வேறில்லை என்கிறார். வயல்வழியே நடை, இளவேனிற் காற்று, அவரைத் தண்டிற் செய்த ஊதுகுழல். நாமும் பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியவர்களே. எவருடைய திவசத்தன்று ஊதினோம் என்பது எமக்கும் நினைவில்லை.

புத்தாண்டைப் பற்றிய கட்டுரையை இன்னும் நெடிதாக எழுதியிருக்கிறார். ஆண்டின் கடைசி மாதத்து இருபத்துமூன்றாம் நாள் அடுப்படித் தெய்வத்தை வானுலகுக்கு வழியனுப்புவார்கள். அத்தெய்வம் மேலே சென்று இவ்வீட்டார் ஆண்டு முழுதும் செய்ததைச் சொல்லுமாம். ஆதலால் வாய் இனிக்க இனிப்புப் படைப்பார்கள். ஆண்டிறுதி இரவிலே பிள்ளைகளின் வாயை ஒரு முரட்டுத் தாளால் துடைத்துவிடும் வழக்கம் அவ்வூர்ப் பக்கத்தில் இருந்தது. மலம் துடைக்கும் தாள் அது! அவ்வாறு துடைத்துவிட்டால், பிள்ளை அறியாமல் அமங்கலச் சொல் எதையேனும் சொன்னாலும் அது சொல்லாகக் கொள்ளப்படாது. சிரிப்புக்கிடமான வழக்கந்தான். ஆயினும், ஒரு சொல்லுக்காக மனிதர் மானமிழந்த காலத்திலே, இருட்டில் இருந்துகொண்டு ஒரு கிழவர் இதை எழுதினார் என்பதை எண்ணும்போது எமக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அன்றிரவு விருந்துக்கு வீட்டிலுள்ள கோப்பைகளையும் உண்ணும் குச்சிகளையும் ஒன்றும் விடாமல் எடுத்து மேசைமேல் வைப்பார்களாம். இருப்பவர்களுக்கு மட்டுமன்று, வருங்காலத்தில் குடும்பம் பெருகவேண்டும், இனி வரப்போகிறவர்களுக்கும் இடம் இருக்கவேண்டும் என்பதற்காக. இதை அன்னையாருக்குச் சொன்னோம். "எல்லாத்தையும் எடுத்து வைச்சால் பிறகு ஆர் கழுவுறது?" என்றார். சிறிது நேரம் சென்றபின், தாமாகவே, "எங்கட வெண்கலத் தட்டு எட்டில ஆறு அங்க விட்டிட்டு வந்தது," என்றார். எங்கே விட்டது என்று சொல்லவில்லை.

பெங் சிகாய் 1975 செத்தெம்பரில் மறைந்தார். அந்தக் கட்டுரைகள் அவர் இறந்த பின்னரே வெளிவந்தன. எரிந்த வீடு 1985 இல் அதே இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. 2008 முதல் சிங்மிங் சீனாவிலே அரச விடுமுறை நாள்.

ஞாயிறு இரவு தம்பி கனடாவிலிருந்து வழக்கம்போல அழைத்தான். விசிறி வண்டியின் கதையைச் சொல்ல அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பின் நடுவிலே நாம் நாவற்குழிப் பாலத்தைப் பற்றிக் கேட்டுவிட்டோம். நினைவிருக்கிறதா என்றோம்.

"ஏன் இல்லை? பாலத்துக்கு அங்கால என்னைத் தோளில தூக்கிக்கொண்டு போனியே அண்ணா. அவ்வளவு உயரத்திலயிருந்து பார்க்க, சனத்தின்ர தலையெல்லாம் கடல்மாதிரி. நூற்றிநாலு குடை எண்ணினனான்."

தோளிலே தூக்கியது எமக்குச் சிறிதும் நினைவில்லை. அறைந்ததை அவன் சொல்லவில்லை. நாம் வாய் திறந்தோம். அதற்குள் அன்னையார் தொலைபேசியை வாங்கி, அங்கே குளிர் எப்படி, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

விசிறியின் விளிம்பு இரண்டிடத்திற் கிழிந்துள்ளது. அன்னையார் அதற்குச் சிவப்புத் துணியாற் கரை வைத்துத் தைத்திருக்கிறார். சுளகு இன்னும் மாமரத்தடியிலேதான் கிடக்கிறது. வண்டியைப் பிரித்தெடுக்க அதன் சொந்தக்காரன் இணங்கவில்லை.