இசைக்கும் உண்டு சீட்டு

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து ஆகுர்டி நிலையத்தை நோக்கி நாம் நடக்கையில், உறுப்பினர் ஒருவரின் புதல்வர் உடன் வந்தார். கணிப்பொறித் தொழில் கற்றவர். ஓய்வு நேரமெல்லாம் செலவிட்டு, இரண்டாண்டுகளாகக் கதை விளையாட்டு ஒன்றைத் தாமே உருவாக்கி வருகிறார். திரையில் படமும் உரையாடலும் தோன்றும். ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் விடைக்கேற்பக் கதை கிளை பிரியும். தஞ்சையினின்று தொழிற்சாலை வேலைக்கு இவ்வூர் வந்த குடும்பத்தின் கதை. பாட்டியின் சமையலறைக் காட்சியில் பழைய திரைப்பாடல் ஒன்றை அப்படியே சேர்த்திருந்தார்.

"பத்து விநாடிதானே, அண்ணா! யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார்.

கேட்பார்கள் என்பதே நம் விடை. இத்தனை விநாடி வரை தடையில்லை என்ற விதி 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. உரிமையாளர் ஆட்சேபித்தால் விளையாட்டு விற்பனையினின்றே அகற்றப்படலாம். இரண்டாண்டு உழைப்பும் வீணாகும்.

இருப்புப்பாதை அலுவலகத்து எழுத்தராகிய நமக்குத் தெரிந்த உவமை சீட்டுத்தான். பிரயாணிக்கு ஒரு சீட்டு. அளவுக்கு மிஞ்சிய மூட்டைக்கு வேறு சீட்டு. பாட்டும் அவ்வாறே. சொல்லுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு; பாடிப் பதித்த ஒலிப்பதிவின் உரிமை வேறு. முன்னவற்றுக்கு ஆக்கியோர் மறைந்தபின் 60 ஆண்டுகள் காப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியானபின் 60 ஆண்டுகள். தியாகராசர் 1847இல் மறைந்தார். அவர் கீர்த்தனங்கள் யாவர்க்கும் பொது. ஆயினும் இன்றைய வித்துவான் அதைப் பாடிய பதிவு பொதுவன்று.

இத்தகைய சச்சரவு தமிழர்க்குப் புதிதுமன்று. பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏ. வி. மெய்யப்பனாரிடம் இருந்தது. 1948இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் பாரதி பாடலைச் சேர்த்ததால் வழக்கு மூண்டது. பாரதி நாட்டுக்கே உரியவர் என்ற கிளர்ச்சி வலுத்தது. 1949இல் சென்னை அரசு உரிமையை ஏற்றது. பின்னர் அது பொதுவுடைமையாயிற்று. எல்லாப் பாடலுக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை.

நிற்க. வேறு வழியும் உண்டு. டொரன்டோ நகரத்துச் சிறு குழு 2023இல் வெளியிட்ட 'வெண்பா' என்னும் விளையாட்டு, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. அதில் ஒலிப்பவை இரவல் பாடல்கள் அல்ல. அந்தந்தக் காலத்துத் திரையிசைப் பாணியைப் போற்றிப் புதிதாக ஆக்கியவை. 2024இல் முதற்படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

இதைக் கேட்ட இளைஞர், நம் பொங்கல் விழாவில் பாடும் அம்மையாரை அணுகினார். தாமே மெட்டமைத்துப் பாட அவரும் இசைந்தார். "நம்ம வீட்டுப் பிள்ளைதானே, பணம் எதற்கு?" என்றும் சொல்லிவிட்டார். இங்கேதான் நாம் குறுக்கிட்டோம். ஊதியமும் வேண்டும், எழுத்தும் வேண்டும் என்றோம். எந்த விளையாட்டுக்கு, எத்தனை காலத்துக்கு, எந்நாடுகளில், விளம்பரத்துக்கும் சேர்த்தா என்பனவெல்லாம் தாளில் இருத்தல் வேண்டும். காலம் குறிக்காவிடில் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிக்காவிடில் இந்தியா மட்டுமே என்றும் சட்டம் கொள்ளும். லோனாவளா வரை வாங்கிய சீட்டில் கர்ஜத் போகலாகாது.

இளைஞர் இரு தவணைகளில் ஊதியம் தர ஒப்பி எழுதிவிட்டார். பாட்டிக்குப் பிடித்த பாடல் விடுபட்டதில் அவருக்குச் சிறிது வருத்தம்தான். ஆனால் இப்போது இருப்பது அவர் கதைக்கென்றே பிறந்த பாடல்.

நம்மவர் என்ற உரிமையால் நம்மவர் உழைப்பை இனாமாகக் கேட்பது சங்கங்களின் பழைய வழக்கம். நம் சங்கமும் விலக்கன்று. வரும் பொங்கலுக்குப் பாடுவோர்க்குப் பொன்னாடையோடு ஒரு சிறு தொகையும் வழங்கலாகாதா? செயற்குழு ஆலோசிக்கட்டும்.