ஒரு மணியா, ஐந்து மணியா?

சென்னையிலிருந்து சேலத்துக்கு ஆகாய விமானத்தில் ஒரு மணி நேரப் பிரயாணம் என்று கால அட்டவணை கூறுகிறது. மீனம்பாக்கத்துக்கும், ஓமலூரை அடுத்த காமலாபுரத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர்தான். அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்லும் உண்மை விமானத்தைப் பற்றியதேயன்றிப் பிரயாணியைப் பற்றியதன்று.

பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடியில் வசிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சேலம் இருப்பது தென்மேற்கே. விமானம் ஏற வேண்டுமாயின் அவர் கிழக்கே திரும்பி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர் கடந்து மீனம்பாக்கம் சேர வேண்டும். தூரம் 15 கிலோமீட்டர் அளவே; காலை நெரிசலில் அதற்கே ஒரு மணி செல்லும். நிலையத்தில் காத்திருப்பது இரண்டு மணி; பறப்பது ஒரு மணி; இறங்கிய பின் சேலம் நகருக்கு இன்னும் சுமார் 20 கிலோமீட்டர். ஆகக் கூடி ஐந்து மணி நேரம்! சென்ட்ரலிலிருந்து 334 கிலோமீட்டர் இருப்புப்பாதையை வந்தே பாரத் ரயில் நான்கு மணிக்குள் கடக்கிறது. ரயிலடிக்குச் செல்லும் நேரத்தைக் கூட்டினாலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆகாயத்தில் மிச்சமானதைத் தரை பறித்துக்கொள்கிறது.

சிற்றூர்களுக்கு விமானம் வேண்டாமென்பது நமது வாதமன்று. வியாபாரிக்கும், அயல்நாடு செல்வோருக்கும் அது அவசியமே. 2017-ல் உடான் திட்டப்படி முதல் விமானம் பறந்தபோது, ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி ஆசனங்களுக்கு உச்சவரம்பு விதித்ததை நாம் குறை கூறோம். எனினும் அத்திட்டத்தில் சேலத்துக்கு 2018-ல் தொடங்கிய சேவை 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில்தான் மீண்டும் விமானம் வந்தது. கட்டணத்துக்கு வரம்பு கட்டிய சர்க்கார், நிலையத்துக்குப் போய்ச் சேரும் வழியைப் பற்றியும் அதே அக்கறையுடன் சிந்தித்திருக்க வேண்டாமா?

இக்கேள்வி பரந்தூர் விஷயத்தில் இன்னும் கூர்மையாகிறது. 2022-ல் அறிவிக்கப்பட்ட அந்த விமான நிலையம் கரையான்சாவடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவு அப்பால் அமைய இருப்பது. அதற்காக ஏகனாபுரம் முதலிய கிராமங்களில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பூமி கேட்கப்படுகிறது. ஏரியும் வயலும் இழக்க மனமின்றி அக்குடியானவர்கள் கிளர்ச்சி செய்து வந்திருக்கின்றனர். பூந்தமல்லியிலிருந்து மெட்ரோ ரயிலைப் பரந்தூர் வரை நீட்டும் யோசனையும் உண்டு. யோசனை ரயிலாகுமுன் ஓடுபாதை முளைத்துவிட்டால், உழவன் நிலத்தை இழப்பான், பிரயாணி நேரத்தை இழப்பான், லாபம் யாருக்கு?

ஆகவே சர்க்காருக்கு நாம் கூறுவது இதுவே. ஒவ்வொரு விமான நிலையத் திட்டத்திலும் பறக்கும் நேரத்தை மட்டுமன்றி, வீட்டு வாசலிலிருந்து சேருமிடம் வரை ஆகும் முழு நேரத்தையும் கணக்கிட்டுப் பொதுஜனங்கள் முன் வையுங்கள். அக்கணக்கைப் பார்த்த பிறகே ஒரு குடியானவனின் நிலத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.