அரூப ஓவியம் எமக்கு அந்நியமானதா?

டூங்கபி, பெண்டில் ஹில், வென்ட்வேர்த்வில் என்று மேற்குச் சிட்னியில் எம்மவர் செறிந்து வாழும் பகுதிகளில் கலைக்குப் பஞ்சமில்லை. வார இறுதி வந்தால் அரங்கேற்றம், இசைவிழா, பட்டிமன்றம், கோவில் திருவிழா என்று மண்டபங்கள் நிறைகின்றன. பிறந்த மண்ணைவிட்டு வந்த ஒரு சமூகம் தன் கலைகளை இவ்வளவு அக்கறையோடு பேணுவது பெருமைக்குரியதே. ஆனால் ஓவியமும் காணொளியும் வைக்கப்படும் காட்சிக்கூடங்களின் பக்கம் நாம் திரும்பிப் பார்ப்பது அரிது. “வெறும் கோடும் வர்ணமும், இதில் என்ன இருக்கிறது?” என்ற கேள்வியோடு அந்த வாசலை மூடிவிடுகின்றோம். அவற்றுட் சில கூடங்களின் சுவர்களில் இன்று தொங்குவது எமது கதை என்பதை எம்மிற் பலர் அறியார்.

சில உதாரணங்களைப் பார்ப்போம். லண்டனில் ஈழத்தமிழ்க் குடும்பத்திற் பிறந்த கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸ், 2024 இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் வியல்ஸ் கலைக்கூடத்தில் ‘பாதுகாப்பு வலயம்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கண்காட்சியை வைத்தார். குடியேற்ற ஆட்சியோடு இலங்கைக்கு வந்த மேற்கத்தைய நவீன ஓவியத்தைக் கணினிக்குப் பயிற்றி, அது தரும் வடிவங்களைக் கித்தானில் கையால் தீட்டுவது அவரது முறை. அக்கண்காட்சியின் ஓவியங்களுக்குப் பொருளாக அமைந்தது முள்ளிவாய்க்கால் கடற்கரை. அருகே, 2001 செப்டெம்பர் 11 தாக்குதற் செய்தி வெளியாவதற்குச் சற்று முன்னர் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஓடிய காட்சிகள் காணொளியாகச் சுழன்றன. அந்நாளுக்குப் பின் ‘பயங்கரவாதத்துக்கு எதிரான போர்’ என்ற சொற்றொடர் எம்மக்கள்மீது எவ்வாறு பாய்ந்தது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட நூலொன்று, தோம்பு என்ற பழைய காணிப் பதிவேட்டின் பெயரைத் தாங்கியது. இடம்பெயர்ந்தோர் தாம் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களே அதன் அடிப்படை. கிணறு எங்கே, குசினி எங்கே, சாமியறை எங்கே என்று சில கோடுகள்; அவ்வளவுதான். வீட்டை இழந்தவன் கண்ணுக்கு அக்கோடுகள் போதும். 2010 இல் வன்கூவர் மானிடவியல் அருங்காட்சியகம் பல பண்பாட்டுக் கலைஞரை ஒன்றுசேர்த்து நடத்திய கண்காட்சியில், அங்குள்ள தமிழர் கொடுத்த சிறு பொருட்களைப் போத்தல்களில் இட்டு அவர் காட்சிப்படுத்தினார்.

உருவமில்லாத ஓவியம் எமக்குப் புதியது என்ற எண்ணமும் சரியன்று. இறைவனை உருவம், அருவம், அருவுருவம் என மூவகையாக வழிபடும் சைவ மரபு எம்முடையது. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது வெளியும் பொன் வில்வமாலையுமே; அங்கே “ஒன்றும் இல்லையே” என்று எவரும் திரும்பி வருவதில்லை. வாசலிற் போடும் புள்ளிக் கோலமும் எதனையும் போலச் செய்வதன்று. காணொளியும் அவ்வாறே. கலியாணத்தையும் செத்தவீட்டையும் வீடியோக் கசெற்றில் பதிந்து நாடு நாடாய் அனுப்பி, பிரிந்த உறவுகள் முன்னறையிலிருந்து அழுது பார்த்த சமூகம் எமது.

இதிலும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. அகதித் தஞ்சம் கோருபவர் தம் துயரை அதிகாரியின் முன் திகதி வாரியாக, முரணின்றிச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் பிசகினால் முழுக்கதையும் பொய்யென்று ஒதுக்கப்படலாம். படகில் வந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் பிரிட்ஜிங் விசாவிற் காத்திருப்போர் இன்னும் எம்மிடையே உள்ளனர். எத்தனை முறை சொன்னாலும் சொல்லில் அடங்காத பகுதி ஒன்று அவர்கள் நெஞ்சில் எஞ்சிவிடுகின்றது. திகதியும் சாட்சியும் கேளாமல் அந்தப் பகுதிக்கு இடம் கொடுப்பது அரூப ஓவியம். அதனை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கென்று ஒதுக்கினால் இழப்பு எமக்கே.

காட்சிக்கூடங்கள்மீதும் குறையுண்டு. எமது துயரைப் பற்றிய படைப்பின் கீழே கடினமான ஆங்கிலத்தில் நீண்ட விளக்கம் இருக்கும். தமிழில் ஒரு வரி இராது. அகதிகள் வாரம் வந்தால் சேலையோடும் வடையோடும் அழைக்கப்படுகின்றோம். கருத்துச் சொல்ல அழைக்கப்படுவதில்லை. படைப்புகளையும் நாம் கண்ணை மூடி ஏற்க வேண்டியதில்லை. 2016 பேர்லின் பியெனாலேயில் குலேந்திரன் தோமஸ் ஈழத்தின் பெயரிலேயே, எந்நாட்டிலும் சந்தா கட்டி வாழும் வீட்டுத் திட்டமொன்றை முன்வைத்தார். மண்ணுக்காக இத்தனை உயிர் கொடுத்த பின் மண்ணே தேவையில்லை என்பதா என்று கேட்க எமக்கு உரிமையுண்டு. ஆனால் அக்கேள்வியைப் போய்ப் பார்த்தவர்கள் கேட்கவேண்டும்.

இரு தரப்பும் முயன்றால் இது கைகூடும். 2019 சிட்னி விழாவில், சு. சக்திதரனின் ‘கவுண்டிங் அண்ட் கிறக்கிங்’ நாடகம் கொழும்பையும் பெண்டில் ஹில்லையும் நகர மண்டப மேடையில் ஒன்றாய்க் கொண்டுவந்தது. அதில் எமது மொழி ஒலித்தது. எம்மவரும் திரண்டு சென்றனர். 1989 இல் கைக்குழந்தையாக இங்கு வந்த றமேஷ் மாரியோ நித்தியேந்திரனின் சிற்பங்கள் கன்பராவின் தேசியக் காட்சிக்கூடம் வரை சென்றுள்ளன. அடுத்தவர் எமது வீட்டிலேயே இருக்கக்கூடும். மருத்துவமும் கணக்கியலும் அன்றி ஓவியம் படிக்கப்போகின்றேன் என்று சொல்லும் பிள்ளையை, குடும்ப மானம் போயிற்று என்ற பார்வையோடு நோக்காதிருப்போம்.

டூங்கபியில் ரயிலேறினால் ஒரு மணித்தியால அளவில் நகரை அடையலாம். நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்திற் பொதுப் பார்வைக்குக் கட்டணமும் இல்லை. தமிழ்ப் பாடசாலைகளும் மூத்தோர் சங்கங்களும் தவணைக்கு ஒரு தடவையாவது அங்கே ஒரு பயணம் ஒழுங்குசெய்யட்டும். காட்சிக்கூடத்தினர் எமது கதையைச் சொல்லும் படைப்பின் கீழ்த் தமிழிலும் விளக்கம் எழுதட்டும். எமது முதியோரை அழைத்து அபிப்பிராயம் கேட்கட்டும். எமது இழப்பைப் பற்றிப் பிறர் கூடிப் பேசும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும்.